வளரிச் சீமையில் இரண்டு நாள்

இராமேசுவர யாத்திரை போகிறவர்கள் இராமநாதபுரத்தில் இறங்குவது அபூர்வம். ரயில் ஜன்னல் வழியே கண்மாய்க் கரைகளையும் பனங்கூட்டங்களையும் பார்த்தபடி மண்டபம் வரையில் அரைத் தூக்கத்தில் வருவார்கள். கடல் கண்ணில் பட்ட பிறகுதான் உற்சாகம் பிறக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின்மேல் வண்டி செல்கையில் குழந்தைகள் கூச்சலிடுவார்கள். அப்புறம் கோயில், இருபத்திரண்டு தீர்த்தம், ஈர வேஷ்டி, தனுஷ்கோடி மணல், சங்கு வியாபாரம், ஊர் திரும்புதல். நாமும் இதற்கு முன் மூன்று தடவை இப்படித்தான் சேது ஸ்நானம் செய்து புண்ணியம் சேர்த்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் புண்ணியத்துக்கு ஒரு காலத்தில் காவல் தேவைப்பட்டது. 'சேதுபதி' என்ற பட்டத்துக்குச் சேதுவின் காவலன் என்றுதானே பொருள்? காசியிலிருந்து கங்கை ஜலத்தைச் சுமந்துகொண்டு மாதக் கணக்கில் நடந்து வந்தவர்களை, மதுரைக்குக் கிழக்கே முள்ளும் பொட்டலுமான வழியில் அச்சமின்றிக் கடற்கரை சேர்ப்பது இந்தச் சீமை மன்னர்களின் கடமையாக இருந்தது. சத்திரம் கட்டினார்கள், சோறு போட்டார்கள், காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். அந்தக் காவல்காரன் கையில் கம்பு இருந்தது, வேல் இருந்தது. இடுப்பிலே பிறைச் சந்திரனைப் போல் வளைந்த ஒரு சிறு கட்டையும் இருந்தது. அதன் பெயர் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள்.

சென்ற மாசி மாதத்தில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு தென்னந்தோப்பில், சனி ஞாயிறு இரண்டு நாளும் சிலம்பமும் வளரியும் சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவந்தது. 'வயது வரம்பு இல்லை' என்று அறிவிப்பில் கண்டிருந்தது. இந்த மூன்று வார்த்தையை நம்பி, நாமும் நம் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி ஆசிரியரும் எட்டுப் பெண் குழந்தைகளையும் நான்கு பையன்களையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

குழந்தைகளை அனுப்பப் பெற்றோர்கள் தயங்கவில்லை. 2021-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் 'கேலோ இந்தியா' திட்டத்தில் சிலம்பத்துக்கு இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கென உள்ள 3 சதவிகித உத்தியோக ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு, 'கம்பு சுற்றுகிறவன் உருப்பட மாட்டான்' என்று சொல்லி வந்த தகப்பனார்களே பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார்கள். இதைப் பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு, நாம் செய்யமாட்டோம். சங்கீதத்துக்குச் சபைகளும் சன்மானமும் இருப்பதுபோல் கம்புக்கும் ஒரு சோற்று வழி இருந்தால் தவறென்ன?

தோப்பை அடைந்தபோது பொழுது நன்றாக விடியவில்லை. வடக்கேயிருந்து வாடைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் ஆசான் வந்துவிட்டார். எழுபதை நெருங்கிய வயது; பனை நார் போல் இறுகிய தேகம். இந்தப் பக்கத்தில் சிலம்பம் கற்பிப்பவரை 'வாத்தியார்' என்பதுதான் வழக்கம். நமக்கும் ஊரில் அதே பெயர். இருபது வருஷமாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகிய நாம் அன்று வரிசையில் நின்றோம்; நம் வகுப்புக் குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

கம்பு கைக்கு வரும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். முதல் இரண்டு மணி நேரம் கால் பாடம்தான். மணலில் கோடு கிழித்து, அதன்மேல் முன் வைத்து, பின் வாங்கி, பக்கம் மாறி, மறுபடி முன் வைக்கவேண்டும். இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையக் கூடாது. எல்லாருடைய பார்வையும் தானாகவே தரைக்குப் போயிற்று.

"வாத்தியாரையா, காலைப் பாக்காதீக. எதிராளி கண்ணைப் பாருங்க. காலு எங்கேயும் போயிராது" என்றார் ஆசான்.

இதைக் கேட்டபோது உலகத்தின் மறு கோடியில் உள்ள ஒரு வித்தை நினைவுக்கு வந்தது. வட கடலில் உள்ள ஐஸ்லாந்துத் தீவில் 'கிளிமா' என்று ஒரு மல்வித்தை உண்டு. பழைய நார்ஸ் ஜாதியாரின் சொத்து. அதில் இருவரும் நிமிர்ந்து நின்று, ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் பார்த்தபடி, வட்டமாக அடி எடுத்து வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். குனிந்து காலைப் பார்ப்பது முறையல்ல. எதிராளி எங்கே காலை வைக்கிறான் என்பதைக் கண்ணால் காணாமல் உடம்பால் உணரவேண்டும். நாலு லட்சம் பேர்கூட இல்லாத அந்தத் தேசத்தில், 1906-ஆம் வருஷத்திலிருந்து இந்த வித்தைக்கென ஒரு பட்டயப் போட்டி நடந்துவருகிறது. ஜயித்தவருக்குப் பழங்கதை வீரன் ஒருவன் பெயரால் அரைக்கச்சை அளிக்கிறார்கள். பனிக்கட்டித் தேசத்து ஆசானும் பனங்காட்டு ஆசானும் சந்தித்ததில்லை. காலைப் பார்க்காதே என்று இருவரும் சொல்லுகிறார்கள்.

எட்டு மணிக்கு மேல் கம்பு வந்தது. நின்றால் புருவ மட்டத்துக்கு வரவேண்டும் என்பது அளவு. மூங்கிலை வெட்டி, தண்ணீரில் ஊறப் போட்டு, நிழலில் உலர்த்தி, தீயில் வாட்டி நிமிர்த்துகிறார்கள். முதலில் மணிக்கட்டுச் சுழற்சி. பார்க்கும்போது விசிறி வீசுவதுபோல் எளிதாக இருக்கிறது. செய்யும்போது கம்பு நம் முழங்காலையே தேடி வருகிறது. ஆசான் கையில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய், 'உம்' என்று ஒரு சப்தம் மட்டும் மிஞ்சியது. திருவிழாக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அலங்காரச் சிலம்பம். போர்ச் சிலம்பம் வேறு. அதில் அழகுக்காக ஒரு சுற்றும் கிடையாது என்று சொல்லி, ஒரே வீச்சில் தேகப்பயிற்சி ஆசிரியரின் கம்பைத் தோப்பின் வேலி வரையில் அனுப்பிவைத்தார்.

உச்சி வெயிலில் பயிற்சியை நிறுத்திவிட்டு, எங்கள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி இராமநாதபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார்கள். பயிற்சியில் இது ஓர் அம்சம் என்றார்கள். நல்ல யோசனை. கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிய மன்னர். இராமலிங்க விலாசம் அவர் காலத்துக் கட்டடம். உள்ளே சுவரெங்கும் பதினெட்டாம் நூற்றாண்டு வர்ண ஓவியங்கள். தஞ்சை மராத்தியருடன் நடந்த யுத்தம் ஒரு பக்கம் விரிகிறது. குதிரைகளும் ஆட்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மங்கிய சிவப்பிலும் அவர்களுடைய அவசரம் தெரிகிறது. பழைய படைக்கலங்களையும் வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில்தான் 1730-இல் வேலு நாச்சியார் பிறந்தார் என்று சொன்னதும் நம் பெண் குழந்தைகளின் நடையே மாறிவிட்டது. கம்பும் வாளும் வளரியும் அவர் பயின்றார் என்பது சீமை முழுதும் வழங்கும் செய்தி. கணவர் முத்து வடுகநாதர் 1772-இல் காளையார்கோயிலில் கும்பெனிப் படையால் கொல்லப்பட்ட பிறகு, எட்டு வருஷம் காத்திருந்து சிவகங்கையை மீட்டவர் அவர்.

சாயங்காலம் மோதல் பயிற்சி. கம்பின் நுனியை ஈரக் கரியில் தோய்த்துக் கொடுத்தார்கள். யார் மேலே கரி அதிகம் பட்டிருக்கிறதோ அவர் தோற்றவர். வெள்ளைச் சட்டையுடன் களத்தில் இறங்கிய தேகப்பயிற்சி ஆசிரியரை ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஏழு இடத்தில் தொட்டாள். அவர் அவளை ஓர் இடத்தில் தொட்டார். அதுவும் அவள் சிரித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து.

இரவு, சாப்பாடு ஆன பிறகு, குழந்தைகள் மருது சகோதரர்களைப் பற்றிக் கேட்டார்கள். ஆசானும் வந்து உட்கார்ந்தார். பாடப் புத்தகத்தில் உள்ளதை விட்டுவிட்டு, வேறொரு மனிதனைப் பற்றிச் சொன்னோம். சிலம்பமோ வளரியோ கற்க வருகிற ஒவ்வொருவரும் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

அவன் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கும்பெனியின் சென்னைப் படையில் இருபது வயது இளம் அதிகாரி. 1795 பிப்ரவரியில் சிறுவயலுக்குப் போய்ச் சின்ன மருதுவைக் கண்டான். சீமையை ஆளுகிற மனிதர் வாயிற்காவல் இல்லாத வீட்டில் இருக்கிறார். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். வெல்ஷுக்கு ஆச்சரியம். சின்ன மருது அவனை வேட்டைக்கு அழைத்துப் போனார். ஈட்டி எறியக் கற்றுக் கொடுத்தார். வளரி எறியவும் கற்றுக் கொடுத்தார். அவன் மதுரைக்குத் திரும்பிய பிறகும் மறவாமல் நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிவைத்தார். பெரிய மருது ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்பதும் வெல்ஷ் எழுதி வைத்துத்தான் நமக்குத் தெரிகிறது. தேர்ந்த கை எறிந்தால் வளரி நூறு கஜ தூரத்துக்குள் குறி தவறாது என்றும் அவன் எழுதினான். வளரியின் ஆற்றலைக் கண்ணால் கண்டு, கையாலும் எறிந்து பார்த்து, எழுத்தில் வைத்த சாட்சி இதைப் போல் வேறொன்று நாம் கண்டதில்லை.

ஆறு வருஷம் சென்றது. 1801 ஜூனில் சின்ன மருது திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டச் செய்த பிரகடனம், ஜாதி பேதமின்றி எல்லாரும் கும்பெனியை எதிர்க்கவேண்டும் என்று அழைத்தது. யுத்தம் மூண்டது. எதிர்த்து வந்த படையிலே அந்த மாணாக்கனும் இருந்தான். காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூர்க் கோட்டையில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி சிறுவன். அவனையும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்டவர்களை 1802-இல் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போகிறான். அங்கே உடல் தளர்ந்து, வயதுக்கு மீறி முதுமை தட்டிய ஒருவன் வந்து எதிரே நிற்கிறான். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. 'துரைசாமி' என்று பெயரைச் சொன்னதும் நெஞ்சு துணுக்குற்றது என்று அவனே, 1830-இல் லண்டனில் வெளியான தன் நினைவு நூலில், ஒளிக்காமல் எழுதியிருக்கிறான். குருவின் மகன் அகதியாக நிற்க, மாணாக்கன் அதிகாரியாக நிற்கிறான். வெல்ஷ் கெட்டவன் அல்ல என்பதுதான் இந்தக் கதையில் மனத்தை வருத்துவது. கற்பித்தவரை மெச்சினான், அவரைக் கொன்ற படையில் ஊழியமும் செய்தான், இரண்டையும் எழுதினான்.

கதை முடிந்த பிறகும் குழந்தைகள் வெகுநேரம் பேசவில்லை. ஒரு பையன் மட்டும், "அந்த வெள்ளைக்காரர் நல்லா எறிவாராமா சார்?" என்று கேட்டான்.

ஆசான் அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வளரிப் பாடம். ஆசான் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து ஐந்து வளரிகளை மணலில் வரிசையாக வைத்தார். நான்கு மரத்தில் செய்தவை, ஒன்று இரும்பு. பிறை வடிவம். ஒரு முனை கனம், மறு முனை இலேசு. இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில சுற்றுச் சுழற்றி வேகம் ஏற்றி, கனமான முனை முன்னே போகும்படி விடவேண்டும். ஆஸ்திரேலிய ஆதிகுடிகளின் பூமராங்குடன் இதை ஒப்பிடுவது வழக்கம். எறிந்தவர் கைக்குத் திரும்பும் என்றும் சிலர் கதை கட்டுகிறார்கள். ஆசானிடம் கேட்டபோது, "திரும்பி வந்தா எறிஞ்சவன் கழுத்துல்ல போகும்! இது போற கட்டை, வாற கட்டை இல்லை" என்றார். உண்மை அதுதான். அந்த ஆஸ்திரேலியர்களும் வேட்டைக்கு வீசியவற்றில் பெரும்பாலானவை திரும்பாதவையே.

தர்ஸ்டன் துரை 1909-இல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலில் வளரிக்குச் சில பக்கம் இருக்கிறது. முயல் வேட்டைக்கு அது பயன்பட்டதும், கலியாணத்தில் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொண்டதும் அதில் காணப்படுகின்றன. அதாவது, யுத்தத்திலிருந்து வேட்டைக்கும், வேட்டையிலிருந்து சடங்குக்கும் இறங்கிவிட்டது.

எப்படி இறங்கிற்று என்பதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மருதுக்களைத் தூக்கிலிட்ட ஆறாவது வாரத்தில், 1801 டிசம்பர் 1-ந் தேதி, சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு, தென் பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று விளம்பரம் போட்டார். கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878-இல் தேசம் முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. கம்பு தப்பிப் பிழைத்தது. மாடு மேய்க்கிறவன் கையிலும் கிழவன் கையிலும் கம்பு இருக்கத்தானே செய்யும்? அதைக் குற்றம் என்று சொல்ல எந்தத் துரையாலும் முடியாது. தோட்டத் தொழிலாளராக மலாய் நாட்டுக்குப் போனவர்களோடு கூடவே கப்பலேறி, அங்கேயும் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. வளரிக்கு அப்படி மாறுவேஷம் போட வழியில்லை. பார்த்தவுடனே, இது எறிவதற்குச் செய்தது என்று தெரிந்துவிடுகிறது.

"சிலம்பம் எங்க அப்பாருகிட்டே படிச்சது. அவரு அவுக மாமனுகிட்டே. அப்படியே மேலே போகும்" என்றார் ஆசான். "இதுக்கு எனக்கு ஆசான் கிடையாது. எங்க பாட்டனார் காலத்து வளரி ஒண்ணு சாமி வீட்டிலே இருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா சந்தனம் வச்சுக் கும்பிடுவோம். எறிஞ்சவுக யாரையும் நான் கண்டதில்லை. அதை அளவெடுத்துச் செஞ்சு, நானா எறிஞ்சு எறிஞ்சு பாத்தது. கையை எங்கே விடணும்னு சொல்லித்தர ஆளில்லாமே பதினஞ்சு வருஷம் போச்சு."

பூஜையில் கட்டை இருக்கிறது. எறிகிற கை இல்லை. இந்த ஒரு விஷயத்தை அவர் மறைக்காமல் சொன்னதற்காகவே அவரிடம் கற்கத் தகும் என்று தோன்றிற்று. மருது பாண்டியர் முறை மாறாமல் கற்பிக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெருகியிருக்கும் காலம் இது. பதினைந்து வருஷம் தட்டித் தடவியதைத் தட்டித் தடவியதாகவே சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் நாம் இத்துணை நேர்மையாகப் பாடம் நடத்துகிறோமா என்பது வேறு விஷயம்.

இருபது தப்படி தூரத்தில் ஒரு வாழைத் தண்டை நட்டார்கள். ஆசான் ஐந்து எறிந்தார், மூன்று தைத்தன. தண்டு பிளந்த சப்தம் கேட்டு முன்வரிசைக் குழந்தைகள் பின்னுக்கு வந்துவிட்டார்கள். அடுத்தபடி, குறி இல்லாமல் தூரத்துக்காக ஒன்று எறிந்தார். தரைக்கு இணையாகச் சுழன்று போய், வாடைக் காற்றில் சற்றுத் தெற்கே ஒதுங்கி, மணலில் புதைந்தது. நம் தேகப்பயிற்சி ஆசிரியர் நாடாவைப் பிடித்து அளந்தார். ஐம்பத்தெட்டு கஜம்.

நூறு கஜம் என்று வெல்ஷ் எழுதியிருப்பதை ஆசானிடம் மறுபடி சொன்னோம். அவர் அதை முன்பே அறிந்திருந்தார். "அது பொய்யா இருக்காது, வாத்தியாரையா. தோத்துப்போனவனைப் பத்தி எதிராளி கூட்டிச் சொல்லமாட்டான்" என்றார். சற்று நேரம் கழித்து, "இன்னும் நாப்பத்திரண்டு கஜம் எங்கேயோ கிடக்கு" என்றார்.

மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி நம் குழந்தைகளோடு சேர்ந்துகொண்டிருந்தாள். பாம்பன் பக்கம்; பதினாறு வயது. வலை வீசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். மற்றவர்கள் வளரியைத் தலைக்கு மேலே சுழற்றியபோது இவள் மட்டும் இடுப்பைத் திருப்பி, தோளைப் பின்னுக்கு வாங்கி, வலையை விரிப்பதுபோல் ஒரு வீச்சு வீசினாள். முதல் இரண்டும் அருகிலேயே விழுந்தன. மூன்றாவது தாழ்வாகப் புறப்பட்டு, நடுவழியில் எழும்பி, ஆசானுடைய தூரத்துக்குச் சமமாகவே சென்று, தோப்புக்கு அப்பால் சீமைக் கருவேலம் புதரில் மறைந்தது. ஆசான் ஒன்றும் பேசாமல் அவளருகில் போய், "இன்னொருக்கா எறி தாயி. கையை எப்ப விட்டே, அதைச் சொல்லு" என்றார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி எறிந்தாள். அவர் அவள் மணிக்கட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் எங்களில் யாருக்கும் அவர் பாடம் நடத்தவில்லை. அவளை எறியச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்று மணி ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வந்திருந்த நாற்பது பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். முத்திரையும் கையெழுத்தும் அழகாக இருந்தன. புதருக்குள் போன வளரி மட்டும் அகப்படவில்லை. ஆசான் அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளை வெட்டிக்கொண்டே உள்ளே போனார். அந்தப் பெண்ணும் நம் பையன்கள் இருவரும் அவர் பின்னே போனார்கள். ரயில் மண்டபத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். நாம் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். "இந்தா வந்துட்டோம் சார், பிடி தெரியுது" என்று புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.